கவரைப்பேட்டை பாலத்தில் ஏறியவர்

நான் பார்த்த வேலையை இப்போது ஒரு மென்பொருள் பார்க்கிறது. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. அது என்னைவிட நன்றாகப் பார்க்கிறது, நடுவில் டீ குடிக்கப் போவதுமில்லை. போன மாதம், என் இடத்தில் இப்போது இருக்கும் டெக்னீசியன் பெண் போனில் கேட்டார்: "சார், புது மெஷின் பள்ளத்த அதுவே கண்டுபுடிச்சிக்குது. அப்போ நீங்கல்லாம் கையால இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

நியாயமான கேள்வி. பதில் போனில் அடங்காது என்பதால் எழுதுகிறேன்.

அந்த வேலைக்கு வருமுன் நான் மாலைப் பத்திரிகை ஒன்றுக்குப் பொன்னேரி வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். சாலை விபத்து, ஏரிக்கரை உடைப்பு, அமைச்சர் வருகை. எதை அனுப்பினாலும் செய்தி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தது யாரு?" ஒருநாள் பத்திரிகை நின்றுபோனது. அதைப் பார்த்தது நான். பிறகு இ.சி.ஜி. டெக்னீசியன் படிப்பு, சென்னையில் சில வருடம் பழக்கம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய இதய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அங்கே ஒரு மெஷின் இருந்தது. பார்க்க ஒரு கட்டில். நோயாளியைப் படுக்க வைத்து, கெண்டைக்காலில், தொடையில், இடுப்பைச் சுற்றி அகலமான காற்றுப் பட்டைகளைக் கட்டுவோம். பக்கத்து அறையில் கம்ப்ரஸர். இதயத் துடிப்புக்கு ஒருமுறை பட்டைகள் கீழிருந்து மேலாக அடுத்தடுத்து இறுகும்; உடனே மொத்தமாகத் தளரும். ஒரு மணி நேரம் இப்படியே. ஞாயிறு தவிர தினமும், ஏழு வாரம். அறுவை சிகிச்சை செய்ய முடியாதவர்களும், செய்துகொள்ள மாட்டேன் என்றவர்களும் எங்களிடம் வந்தார்கள். சிப்காட் ஆலைகளிலிருந்து வந்தவர்கள் இதற்கு "பெல்ட் போடறது" என்று பெயர் வைத்தார்கள். கம்ப்ரஸர் சத்தத்தில் அவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

தத்துவம் எளிது. இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. தன் பங்கை மட்டும் ஓய்வெடுக்கும்போதுதான் எடுத்துக்கொள்கிறது. சுருங்கும்போது அதன் தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துவிடுகிறது. தளரும் அந்த இடைவெளியில்தான் அவற்றில் ரத்தம் ஒழுங்காக ஓடும். சரியாக அந்த நேரத்தில் பட்டைகள் காலை இறுக்கினால், காலில் இருக்கும் ரத்தம் இதயத்தை நோக்கித் திரும்பி மோதும். குழாயின் உட்சுவர் இந்தத் துடிப்பை, இந்த உரசலை உணரக்கூடியது. உணர்ந்ததும் ஒரு வாயுவைச் சுரக்கும். அது சுவரின் தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். தினமும் நடந்தால், சும்மா கிடக்கும் சிறு கிளைகளும் மெல்ல வழிவிடும். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று எங்கள் டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை.

டாக்டர் சபாபதி சொன்னவை பொதுவாகவே குறைவு. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைக் கையை மடிக்காதவர். மானிட்டரில் இரண்டு மலைகள் தெரியும். முதல் மலை இதயம் அடிப்பது, இரண்டாவது மலை நாங்கள் அடிப்பது. நடுவில் ஒரு சிறு பள்ளம். பட்டை இறுகுவது அந்தப் பள்ளத்தில் தொடங்க வேண்டும். முந்தினால், ரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தை எதிர்த்துத் தள்ளியதாகும். பிந்தினால் வீண். இதற்கு இரண்டு குமிழ்கள். நான் திருகிக்கொண்டிருப்பேன், டாக்டர் பின்னால் வந்து நிற்பார். சரியில்லை என்றால், "பள்ளம்" என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாத நாட்களை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு வழியும் இல்லை.

படுக்க வைக்கும் முன் செய்ய வேண்டியவை இன்னும் கறாரானவை. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். மறந்தவர்கள் ஒருமுறைக்குமேல் மறக்கமாட்டார்கள். இறுக்கமான கால்சட்டை ஒன்று தருவோம். அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது, ஒரு மணி நேரம் அமுக்கினால் தோல் உரிந்துவிடும். அரைஞாண் கயிற்றைக் கழற்ற வேண்டும். ஆலைகளில் கொதிக்கும் இரும்புக்கு அஞ்சாத ஆட்கள் இந்த இடத்தில் தயங்கினார்கள். கடைசியில் கயிற்றைப் பட்டைக்கு மேலே, வயிற்றில் ஏற்றிக் கட்டிக்கொள்ள டாக்டர் அனுமதித்தார். எங்கள் மருத்துவமனையின் நடைமுறைகளில் மாற்றம் செய்யப்பட்ட ஒரே விதி அதுதான்.

நோயாளிக்கு குணம் தெரிகிறதா என்று அறிய டாக்டருக்கு ஒரு சொந்த அளவுகோல் இருந்தது. 'வலி எப்படி' என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்பது அவர் கருத்து. வருகிறவர்களில் பாதிப்பேர் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் ஏறுபவர்கள். அங்கே ஒரு நடைமேம்பாலம் உண்டு. காரில் போகும்போது அதை அவர் பார்த்திருந்தார். அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "பாலத்தில் எவ்வளவு தூரம் ஏறியதும் வலி வருது?"

பதில்கள் அருமையாக வந்தன. முதல் வாரம் கால்வாசி, மூன்றாவது வாரம் பாதி, ஆறாவது வாரம் முழுப் பாலம். டாக்டர் இதையெல்லாம் குறித்து வைத்தார். நான் பொன்னேரியிலிருந்து தினமும் அந்த ரயிலில் வருபவன். கவரைப்பேட்டையில் யாரும் பாலத்தில் ஏறமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தண்டவாளத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, எதிர் நடைமேடையில் ஏறிக்கொள்வார்கள். சைக்கிளோடு, குழந்தையோடு, மீன் கூடையோடு. இது ஊரறிந்த விஷயம் என்பதால் டாக்டருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

உண்மையை வெளிக்கொண்டு வந்தவர் காதர் பாய். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம், அறுபது வயது, நல்ல பேச்சுக்காரர். எங்கள் மெஷினை அவரளவுக்கு யாரும் புரிந்துகொண்டதில்லை. "நம்மூரு மொகத்துவாரம் மாதிரிதான் சார்," என்பார். "தண்ணி வேகமா போய்ட்டு வந்துகினு இருந்தா தொறந்து கெடக்கும். வேகம் கொறஞ்சா மண்ணு மூடிக்கும்."

"ஏறக்குறைய," என்றார் டாக்டர். "அங்கே மணலைத் தண்ணி அரிச்சிட்டுப் போகுது. இங்கே அடைப்பு போகாது. சுவர்தான் தளர்ந்து இடம் கொடுக்கும்."

"அப்போ மொகத்துவாரத்த விட இது நல்ல மனசுக்காரன்," என்றார் பாய்.

ஏழாவது வாரம் டாக்டர் வழக்கம்போல் பாலத்தைப் பற்றிக் கேட்டார். பாய் கொஞ்சம் யோசித்தார். "முழுசா ஏறிட்டேன் சார். ஆனா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். எந்த பிரிட்ஜ் சார் அது?"

"கவரைப்பேட்டை ஸ்டேஷன் பாலம்."

"நா ரயில்லயே வர்றதில்ல சார். பழவேற்காட்டுலேர்ந்து வேன்ல வரேன்."

"அப்போ முதல் வாரம் கால்வாசி என்று சொன்னீங்களே?"

"இவ்ளோ பெரிய டாக்டரு தெனம் கேக்கறீங்க. ஒண்ணும் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "மற்றவங்க?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் பழைய செய்தி ஆசிரியர் கேட்கும் கேள்வியை டாக்டர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் காலை காரை நிலையத்துக்கு விட்டார். என்னையும் அங்கே இறங்கச் சொல்லியிருந்தார்.

ஆலை ஆட்கள் போகும் ரயில்கள் போய்விட்டிருந்தன. எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்கள் கிளம்பும் நேரம். நடைமேடையில் டாக்டர் கையைப் பின்னால் கட்டி நின்றார். அவருடைய நோயாளிகள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தண்டவாளத்தில் இறங்கினார்கள். நடுவில் அவரைப் பார்த்துவிட்டதும் நின்றார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே நின்றபடியே மூவரும் கைகூப்பி, "வணக்கம் சார்" என்றார்கள். மூவருமே டாக்டரின் குறிப்பில் முழுப் பாலம் ஏறியவர்கள்.

"மேலே பாருங்க," என்றார் டாக்டர்.

பாலத்தில் ஒரே ஒரு ஆள். நடுவில் நிற்காமல், கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். உச்சியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு மறுபக்கம் இறங்கினார். அது ஏகாம்பரம். மூன்று வாரமாகப் பாதிப் பாலத்திலேயே நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிவந்த ஏகாம்பரம்.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரும்பு உருட்டாலை ஒன்றில் ஃபர்னஸ் முன்னால் வேலை. இதயத்தின் மூன்று குழாய்களிலும் அடைப்பு. குழாய்கள் மெலிதாக இருந்ததால் ஸ்டென்ட் வைக்க முடியாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். பைபாஸுக்கு அவர் சம்மதிக்கவில்லை. கம்பெனியே எங்களிடம் அனுப்பியிருந்தது. ஒருநாளும் தவறாமல் வந்தார். மானிட்டரில் இரண்டாவது மலை நன்றாக எழும்பியது. ஆனால் கேட்டால், "பாதிதான் சார்." எங்கள் மெஷினுக்கு அவர் ஒருவர்தான் தோல்வி.

அன்று அவருக்குப் பட்டைகளைக் கட்டி மெஷினை ஓட விட்டதும் டாக்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"நேத்து பாலம் எவ்வளவு?"

"பாதி சார்."

"இன்னைக்கு?"

பட்டை கட்டிப் படுத்திருப்பவர்கள் குலுங்கிக் குலுங்கித்தான் பேச முடியும். ஏகாம்பரம் குலுங்க மட்டும் செய்தார். மானிட்டரில் துடிப்பின் எண் ஏறியது. துடிப்பு ஏறினால் பள்ளம் நகரும். நான் குமிழைத் திருகினேன். மறுபடி ஏறியது. மறுபடி திருகினேன்.

"பாத்துட்டீங்களா சார்?" என்றார் ஏகாம்பரம்.

"பார்த்தேன். நடுவில் நிற்கலை."

"சார், எம் பையன் செந்திலு. ஐ.டி.ஐ. முடிச்சிட்டு எங்க கம்பெனிலயே காண்ட்ராக்ட்ல லாரிக்கு லோடு ஏத்திக்கினு கீறான். நா ஃபிட்டுன்னு எழுதினீங்கன்னா நா ஃபர்னஸுக்குப் போவேன், அவன் லாரிலயே கெடப்பான். அன்ஃபிட்டுன்னா எம் எடத்துல அவன எடுத்துக்குவாங்க. எங்க கம்பெனில அதான் வழக்கம்."

அந்த வழக்கத்தை நான் முன்பே அறிவேன். எங்கும் எழுதி வைக்கப்படாதது. அதனாலோ என்னவோ, எழுதி வைத்த ஒப்பந்தங்களைவிட நிர்வாகமும் சங்கமும் அதற்கு அதிக மதிப்புக் கொடுத்தன.

"பையனைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார் டாக்டர். "வலி இருக்கா, இல்லையா?"

"இல்ல சார். ரெண்டு வாரமா இல்ல."

"அப்புறம் ஏன் பாலம் ஏறினீங்க? தண்டவாளத்தில் போகலாமே, எல்லாரையும் மாதிரி."

"நெஜமாவே சரியாவுதான்னு பாக்கத்தான். உங்ககிட்ட பாதின்னு சொல்லிக்கினு கீறேன். ஊட்லயும் அதான் சொல்றேன். எனக்காவது தெரிய வேணாமா சார்?"

டாக்டர் சற்று நேரம் அவருடைய பாதத்தில் கை வைத்து நாடி பார்த்தார். பிறகு, நான் அவரிடமிருந்து கேட்டதிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார். "என் குறிப்பில் தேறினவங்க எல்லாரும் பாலத்தைத் தொட்டதே இல்லை. ஏறின ஒரே ஆள் தேறாதவர் கணக்கில் இருக்கார். அது இருக்கட்டும். உங்க குழாய்கள் விரிஞ்சிருக்கு. பாலம் ஏற அது போதும். ஃபர்னஸ் முன்னால் நின்றால் ரத்தம் தோலுக்கு ஓடும், இதயம் இரண்டு மடங்கு அடிக்கும். அதற்கு இது போதாது. நீங்க பாலத்தில் ஓடியே ஏறினாலும் அங்கே உங்களை அனுப்பறதா இல்லை. முதல் நாளே முடிவு பண்ணியாச்சு."

குலுங்கிக்கொண்டே ஏகாம்பரம் கேட்டார்: "அப்போ ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேட்கலை."

இரண்டு வாரப் பொய் தேவையே இல்லாத பொய் என்று தெரிந்த மனிதரின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. சிகிச்சை முடிந்ததும் கம்பெனிக்கு டாக்டர் சான்று எழுதினார். வலி நின்றுவிட்டது, வெப்பத்தில் வேலை செய்யக்கூடாது. முதல் வாக்கியத்தை விட்டுவிடும்படி ஏகாம்பரம் எவ்வளவோ கெஞ்சினார். "வலி இல்லன்னு போட்டா வாட்ச்மேனா கேட்ல ஒக்கார வெச்சிடுவாங்க சார். எடம் காலியாவாது. செந்திலு கதி பேஜாராயிடும்." டாக்டர் கேட்கவில்லை. நடந்ததை எழுதாமல் விடும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஏகாம்பரம் பயந்தது போலவே கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் வரதன் அந்தச் சான்றோடு நேரில் வந்தார். நாற்பது வயது, கொஞ்சம் தொந்தி. கவரைப்பேட்டையிலேயே வாடகைக்கு இருந்தார். ஆலையில் பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி வாசிப்பவரும் அவர்தான்.

"வலி இல்லைன்னும் எழுதியிருக்கீங்க, வேலை கூடாதுன்னும் எழுதியிருக்கீங்க. நாங்க எதை சார் எடுத்துக்கறது?"

"இரண்டையும்," என்றார் டாக்டர்.

வெளியே வந்த வரதன் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருப்பவரின் அண்ணனும் அதே ஆலையில் வேலை செய்தார். அந்த அண்ணனின் மகனும் இடத்துக்குக் காத்திருந்தான். ஏகாம்பரம் பாலம் ஏறும் செய்தி அங்கிருந்து வந்திருந்தது.

"அந்த ஆள் பிரிட்ஜ்லலாம் ஜம்முனு ஏறி எறங்கறாராமே. அப்டியிருந்தா கேட்ல போட்டா போச்சு. பையனுக்கு எதுக்கு வேல?"

"பாத்தது யாரு சார்?" என்றேன்.

"ஊரே பேசிக்குது."

"ஊரே தண்டவாளத்துல போவுது சார். கீழ ரெண்டு பக்கமும் ரயில் வருதான்னு பாக்கவே நேரம் சரியா இருக்கும். மேல யாரு ஏர்றாங்கன்னு பாக்கணும்னா, பாத்தவரும் பிரிட்ஜ்ல இருந்திருக்கணும். நீங்க ஏறினீங்களா?"

தினமும் காலையில் என் ரயில் கவரைப்பேட்டைக்குள் நுழையும்போது, கையில் பையைத் தூக்கிப் பிடித்தபடி தண்டவாளத்தைத் தாண்டி வருபவர் வரதன் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஏகாம்பரத்தை அன்ஃபிட் என்று நிறுத்திவிட்டுச் செந்திலை எடுத்துக்கொண்டார்கள். ஃபர்னஸில் அல்ல, ரிப்பேர் பிரிவில், ஐ.டி.ஐ. படிப்புக்கு அதுவரை கிடைக்காத மரியாதை. ஆனால் ஒரு வருடம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். அந்த ஒரு வருடம்தான் ஏகாம்பரத்துக்குப் பெரும்பாடு. மெஷினை நிறுத்தியபின் குழாய்கள் மறுபடி சுருங்காமலிருக்க, அவற்றில் ரத்தம் துடிப்போடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தினமும் ஏறி இறங்கி நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கவரைப்பேட்டையில் ஏறினால் டீக்கடை பார்க்கும். ஏறாவிட்டால் இதயம் பார்த்துக்கொண்டிருக்காது.

ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணிக்குமேல் பொன்னேரி நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் டிபன் பாக்ஸ். பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, திரும்ப ஏறிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஏகாம்பரம், இங்க?"

"வேலைக்கு வந்துகிறேன் சார்," என்றார். "இப்போ பிரிட்ஜ் ஏர்றதுதான் நம்ம வேல. ஊட்ல நாஷ்டா கட்டிக் குடுத்து அனுப்பறாங்க. இங்க நம்மள யாருக்கும் தெரியாது. அங்க சீக்காளி மாதிரி தடியக் கையில வெச்சிக்கினு தண்டவாளத்துல மெதுவா தாண்டறேன். நேத்து ஒரு மெயிலு ஆரன் அடிக்குது, ஓடணும். ஓடினா டீக்கட பாக்குது. ஓடல சார். ஒரு சாண் கேப்புல போச்சு."

நெஞ்சு சரியானவர் ரயிலில் அடிபட்டுச் சாகும் சாத்தியத்தை எங்கள் சிகிச்சை முறை கணக்கில் எடுத்திருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, "பொன்னேரியிலேயே இரண்டு தடவை ஏறச் சொல்லுங்க. வீட்டுக்கு பஸ்ஸில் போகட்டும்" என்றார்.

ஒரு வருடம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை என் ரயில் கவரைப்பேட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். ஆலைக்காரர்கள் நிறைந்த நேரம். பாலத்தில் ஏகாம்பரம் ஏறிக்கொண்டிருந்தார். கையில் தடி இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டீக்கடைக்கு நேராக, எல்லாரும் பார்க்க ஏறினார். செந்திலுக்கு நிரந்தர ஆணை வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

கீழே வரதன் வழக்கம்போல் தண்டவாளத்தில் இறங்கியிருந்தார். மேலே பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். என் ரயில் ஆரன் அடித்தது. அவர் பையைக் கட்டிக்கொண்டு ஓடி, நடைமேடையில் கையூன்றித் தாவி, ஒருவழியாக மேலே வந்து விழுந்தார். ரயில் நின்றபோது என் பெட்டி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் படிகளில் இறங்கி நிதானமாக வந்தார்.

"யோவ், ஏகாம்பரம்... நீ... பிரிட்ஜ்ல..."

"டாக்டரு ஏறச் சொல்லிகிறாரு சார்," என்றார் ஏகாம்பரம். "நீங்க இன்னா சார், இப்டி மூச்சு வாங்கறீங்க?"

மருத்துவமனைக்குப் போனதும் டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு இ.சி.ஜி. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நடுவில் நின்றாரா?"

"இல்ல சார். இறங்கினதும் நின்னு பேசினார்."

"மூச்சு?"

"அவருக்கு வாங்கல. வரதனுக்குத்தான் வாங்கிச்சு."

டாக்டர் தாளைக் கீழே வைத்தார்.

"வரதனை ஒருநாள் வரச் சொல்லுங்க," என்றார். "பாலம் வழியா."